சிவப்புப் புள்ளியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். புருஷன் மேல் சந்தேகப்படலாம், கோபப்படலாம், நாலு பேர் முன்னால் சண்டைகூடப் போடலாம். பொறாமை மட்டும் படக் கூடாதாம். அதெல்லாம் ஓரகத்தி மேலும் பக்கத்து வீட்டுக்காரி மேலும் படவேண்டியதாம். எனக்கு அவர்கள் மேல் ஒன்றும் கிடையாது. அவர்கள் யாரும் துப்பாக்கி சுடுவதில்லை.

நாங்கள் இருவரும் ஆயுதப்படைக் காவலர்கள். ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மைதானத்தில் பயிற்சி எடுத்து, அங்கேயே பேசிப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். இப்போது இருவருமே ஏட்டு. பாளையங்கோட்டைப் பக்கம் குடியிருப்பில் மாடி வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். சுடுவதில் எங்கள் பிரிவில் முதல் இரண்டு இடமும் எங்கள் வீட்டுக்குத்தான். அதில் முதல் இடம் எனக்கு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். துப்பாக்கியின் பின்பக்க ஓட்டை வழியாக முன்பக்க முள்ளைப் பார்த்து, இடது கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பாதியில் நிறுத்தி நான் சுட்டால், குண்டு எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவருக்கு இரண்டு உள்ளங்கை வேண்டும்.

போன புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், புது சைட்டுகள் வந்தன. துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறி பார்க்கிற கருவி. எது நன்றாக இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க மூன்றே மூன்று கொடுத்திருந்தார்கள். இரண்டு ஒரே மாதிரி: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடி ஜன்னல். அதற்குள் பார்த்தால் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும். புள்ளியை எதன் மேல் வைக்கிறோமோ அங்கே குண்டு போகும். கண்ணை மூடவே வேண்டாம், இரண்டையும் திறந்துவைத்துச் சுடலாம். மூன்றாவது, குட்டையான ஒரு குழாய். தூரத்தில் இருப்பதை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கண்ணாடியிலேயே கீறிவைத்த கறுப்புக் கோடுகள்தான் அதில் குறி. பேட்டரி தீர்ந்தாலும் கோடு இருக்கும். ஆனால் கனம் கூடுதல்.

எங்கள் இன்ஸ்பெக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"இதுல எது நமக்குத் தோதுன்னு நீங்க ரெண்டு பேரும் சுட்டுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்லுததைத்தான் விரைவு அதிரடிப் பிரிவுக்குக் கேக்கப் போறேன். அதுல யாரு நல்லா சுடுதியளோ அவங்க பேரைப் பிரிவுக்கு எழுதிருதேன்." பிறகு சிரித்தார். "ரெண்டு பேரும் போகணும்னு கேக்கப்படாது. ஒரு வீட்ல இருந்து ஒருத்தர்தான். பிள்ளைய யாரு பாக்க?"

அந்தப் பிரிவில் அதுவரை ஒரு பெண்கூட இல்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். தேரோட்டத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கயிறு பிடித்து நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் முடிச்சுப் போட்டுவிட்டது. என்னைவிட நன்றாகச் சுடாதவர்கள் எல்லாம் அந்தக் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் போவதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். வீட்டில் வந்து சொன்னால் அவர், "அதுக்கெல்லாம் ஒரு நேரம் வரும்ட்டி" என்பார். நேரம் வந்தது, அவரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் பூஜை. துப்பாக்கிகளை எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு, ஆயுதக் கிடங்கு வாசலில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகச் சாய்த்து வைப்போம். பன்னீர் விட்டுச் சந்தனம் குழைப்பது வருடாவருடம் நான். வைப்பது அவர். அவருக்குக் கைராசியாம். குழைத்த கைக்கு ராசி கிடையாதா என்று நான் கேட்டதில்லை, நினைத்ததோடு சரி. அன்றைக்கும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார். கட்டையில் ஒரு பொட்டு, குழலில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். வந்த வேகத்தில் புது சைட்டு மாட்டிய துப்பாக்கிக்கு, அந்தக் கண்ணாடி ஜன்னலின் நட்ட நடுவிலேயே ஒரு பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

"ஏய், கண்ணுல போய் அப்பிட்டீரே வே!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். இவர் பதறிப்போய்ப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

பூஜை விடுமுறை முடிந்ததும் மலையடிவாரத்துச் சுடுதளத்துக்குப் போனோம். ஒரு புள்ளி சைட்டு என் துப்பாக்கியில், இன்னொன்று அவருடையதில். அவர் பார்த்த உடனே, "ஏட்டி, நெத்தியில பொட்டு வச்ச மாதிரில்லா இருக்கு!" என்றார். நான் என் ஜன்னலுக்குள் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது பொட்டு இல்லை. வேர்வையில் கலைந்து, அதைப் புறங்கையால் வேறு இழுத்துவிட்ட குங்குமம். ஒரு பக்கம் வால், இன்னொரு பக்கம் பொடிப்பொடியாகச் சிதறல். இதில் எதை நடு என்று எடுத்துக்கொள்வது? வெளிச்சத்தைக் குறைக்கிற பொத்தானை அமுக்கினேன். வால் சுருங்கியது, ஆனால் அந்த வெயிலில் புள்ளியே காணாமல் போனது. கூட்டினேன், மத்தாப்பு கொளுத்திய மாதிரி ஆனது. சுட்டு முடித்துப் போய்ப் பார்த்தால், டார்கெட் தாள் கோழி கிண்டிய குப்பை மாதிரி இருந்தது. அவர் தாளில் ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்திருந்தன.

அன்று வீட்டில் உவரி மீன்காரம்மாவிடம் வாங்கிய சாளை. மீன் கழுவுவது எங்கள் வீட்டில் அவர் வேலை. குனிந்து செதில் உரசிக்கொண்டிருந்தவரிடம் நான் ஆரம்பித்தேன்.

"சந்தனம் அப்பின சைட்டை எனக்குத் தள்ளிவிட்டுட்டு நல்லதை நீங்க எடுத்துக்கிட்டிய."

"நான் எங்கட்டி எடுத்தேன்? கிடங்குல குடுத்ததைத்தான வாங்குனேன்."

"எதை வச்சுத் துடைச்சிய?"

"கைக்குட்டையை வச்சுத்தான்."

"மூக்கைத் துடைக்கிற கைக்குட்டை. கண்ணாடி என்னத்துக்கு ஆகும்?"

அவர் கையில் மீனோடு நிமிர்ந்து பார்த்தார். "வேணும்னா நாளைக்கு மாத்திக்கிடுவோம்" என்றார். கோபப்பட்டிருக்கலாம். படவில்லை.

மாற்றிக்கொண்டோம். அவருடைய சைட்டிலும் எனக்கு அதே கலைந்த குங்குமம்தான் தெரிந்தது, அதே பக்கம் வால். என்னுடையதை வாங்கிப் பார்த்தவர், "இதுலயும் நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுட்டார், நடுவில் போட்டார். அப்போதுதான் எனக்கு உண்மையான எரிச்சல் பிடித்தது. சந்தனம் பட்ட கண்ணாடியிலும் இந்த ஆளுக்குக் குறி விழுகிறது! ஒன்று, அவர் இரண்டு சைட்டிலுமே சந்தனத்தை வைத்துவிட்டு ஒன்றை மறைக்கிறார். இல்லையென்றால் வால் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கிறார். நடிக்கிற ஆள் இல்லை அவர், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுக்க அப்படித்தான் நம்பினேன். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகளை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு ஜங்ஷனிலிருந்து திரும்பினேன். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. எனக்கு முன்னால் ஒரு பஸ். அதன் பின்விளக்கு இரண்டுக்கும் வால் இருந்தது. எனக்கு எந்த விளக்குக்கும் வால் உண்டு. தெருவிளக்கு, கார் விளக்கு, கோயில் கோபுரத்தில் போடுகிற விளக்கு, எல்லாவற்றுக்கும். விளக்கு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை வயது வரைக்கும் இருந்திருக்கிறேன். என்னவோ தோன்றி மகளிடம் கேட்டேன்.

"அந்தச் செவப்பு லைட்டு எப்பிடிட்டி இருக்கு?"

"எப்பிடி இருக்கும்? உருண்டையாத்தான் இருக்கு."

"வாலு இருக்கா?"

"லைட்டுக்கு எப்பிடிம்மா வாலு இருக்கும்?" என்று பின்னால் உட்கார்ந்து சிரித்தாள்.

தலையைத் தோளில் சாய்த்துப் பார்த்தேன். வாலும் என்னோடு சாய்ந்தது. நிமிர்ந்தேன், அதுவும் நிமிர்ந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மறுநாள் கிடங்கில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் துப்பாக்கியை எடுத்து ஜன்னலுக்குள் பார்த்தேன். துப்பாக்கியை மட்டும் பக்கவாட்டில் சாய்த்தால் வால் அசையவில்லை. தலையைச் சாய்த்தால் சாய்ந்தது. சந்தனத்திலும் கோளாறு இல்லை, கைக்குட்டையிலும் இல்லை. கண்ணில்தான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஒரே அடுப்பில் பொங்கிய சோறு, ஒரே குழம்பு, இரண்டு பேருக்கும். வாரம் தவறாமல் முருங்கைக் கீரை சாப்பிடுகிறவள் நான். அவர் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு அப்பளத்தைத் தின்கிற ஆள். அவருக்கு மட்டும் உருண்டையாக ஒரு புள்ளியை யார் கொடுத்தது? தூங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மூடியிருந்தால்கூட அந்தக் கண் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் குறை என்று எழுதி ஏற்றிவிட்டால் சுடுகிற அணியை விட்டே தூக்கிவிடுவார்கள் என்று பயம். மிச்சம் இருந்தது அந்தக் குழாய் சைட்டு. அதன் பின்பக்கம் ஒரு வளையம் உண்டு, அதைத் திருகினால் நம் கண்ணுக்குத் தக்கபடி கோடு தெளியும். திருகினேன். கறுப்புக் கோடுகள் மயிரிழை மாதிரி வந்து நின்றன. தூரத்து டார்கெட்டில் நான் போட்ட குண்டுகளை இன்ஸ்பெக்டரே நடந்து போய்க் குனிந்து பார்த்தார். அந்த நாள் எனக்கு நன்றாக இருந்தது.

ஆனால் பக்கத்தில் வைத்துச் சுட வேண்டும் என்றால் அது படுத்திவிட்டது. விசில் அடித்ததும் திரும்பிச் சுட வேண்டும்; டார்கெட் ஒரு பஸ்ஸின் நீளத்துக்கு அப்பால்தான் இருக்கும். குழாய்க்குள் பார்த்தால் எல்லாம் பெரிது பெரிதாகத் தெரியும். டார்கெட்டின் எந்த மூலையைப் பார்க்கிறோம் என்று தேடவேண்டும். நான் தேடி முடிப்பதற்குள் இவர் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தி நிற்பார். அந்தக் குழாய்க்கு இவர் அம்மிக்கல் என்று பெயர் வைத்திருந்தார்.

வீட்டில் தினமும் இதே பேச்சு. "பேட்டரி தீந்துட்டுன்னா உங்க புள்ளி எங்க போகும்?" என்பேன். "வருசக்கணக்குல நிக்கும்ட்டி அது" என்பார். "மழையில?" "மழையிலயும் நிக்கும்." "கீழ விழுந்தா?" "உன் அம்மிக்கல்லு கீழ விழுந்தா காலு போயிரும்." மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவாள். அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். அந்தப் பிரிவு போய் நிற்கப்போவது பஸ்ஸுக்குள்ளும், வீட்டு நடையிலும், கடைச் சந்திலும். வயல்வெளியில் தூரத்து ஆளைத் தேடுகிற வேலை அவர்களுக்கு அபூர்வம். தெரிந்தும் தொண்டை கிழிய வாதாடினேன்.

கடைசி நாள் வந்தது. இரண்டு வகையிலும் இருவரும் சுட்டோம். புள்ளியில் அவர் மேலே, குழாயில் நான் மேலே. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "சரி, ஒரே முடிவாச் சொல்லுங்க. எதைக் கேக்கலாம்?" என்றார்.

இவர் ஓரெட்டு முன்னால் வந்தார். "குழாயையே கேக்கலாம் சார். அதுதான் நல்லது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தில் நான் கேட்டதை மகள் சொல்லியிருப்பாள். இவர் அதற்கு மேல் தானாக யோசித்திருப்பார். யோசித்து, என் கண் கதையை என்னிடமே கேட்காமல், எனக்காகத் தோற்றுப்போக வந்து நிற்கிறார்.

நல்ல பெண்பிள்ளை என்றால் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருப்பாள். என்னால் முடியவில்லை. அதுவரை அவர் மேல் பட்ட பொறாமை எல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒன்று எனக்குள் கிளம்பியது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன், சத்தியமாக மாட்டேன். அவருக்கு அது முடிகிறது. நல்ல கண்ணும் அவருக்கு, நல்ல மனசும் அவருக்கா?

"இல்ல சார்" என்றேன். "புள்ளிதான் நல்லது. அவங்க நிக்கப் போற இடத்துக்கு அம்மிக்கல்லைத் தூக்கிட்டுப் போனா ஆபத்து. எனக்குத்தான் கண்ணுல கோளாறு. புள்ளிக்கு வாலு தெரியுது."

சொல்லிவிட்டு எல்லாம் போச்சு என்று நின்றேன். இன்ஸ்பெக்டர் கொஞ்சம்கூட அதிர்ச்சி அடையவில்லை.

"இவ்வளவுதானா ஏட்டம்மா? கண்ணாடி போட்டுக்கிட்டுச் சுட வேண்டியதுதான. அந்தப் பிரிவுலயே எத்தனை பேரு கண்ணாடி போட்டுக்கிட்டுச் சுடுதான். முதல்லயே சொல்லப்படாதா?"

அவர் எங்கள் தாள்களை இன்னொரு தடவை பார்த்தார். "புள்ளின்னு நீங்களே சொல்லிட்டிய. புள்ளியில உங்க வீட்டுக்காரருல்லா மேல இருக்காரு" என்றார். பிரிவுக்கு என் வீட்டுக்காரர் பெயரையே எழுதி அனுப்பினார்.

வண்டியில் வரும்போது சமாதானபுரம் நிறுத்தத்தில் அவர் திரும்பாமலே கேட்டார், "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க ஏன் அப்படிச் சொன்னிய?"

வீட்டுக்கு வந்து சோறு தின்றோம்.

அந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிலிண்டர் பவர் என்றார் டாக்டர். கருவிழி பந்து மாதிரி இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கியிருக்கிறதாம், சின்ன வயதிலிருந்தே இருந்திருக்குமாம். துப்பாக்கியின் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரியுமாம், அதனால்தான் இத்தனை நாள் பிடிபடவில்லையாம். கண்ணாடி கைக்கு வந்த அன்று கடையிலேயே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். கடைவீதி விளக்கெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஊர் உலகமே இத்தனை நாளாக இப்படி ஓர் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு ஒருத்தர் சொல்லவில்லை. இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவர் கிளம்புவதற்கு முன்னால் அவர் துப்பாக்கியில் சைட்டைக் குறி சேர்க்க வேண்டியிருந்தது. புள்ளி நிற்கிற இடமும் குண்டு போகிற இடமும் ஒன்றாகும் வரை சுட்டுச் சுட்டுத் திருகுகிற வேலை. அன்று சுடுதளத்தில் எனக்கும் பணி. அவர் முடித்துவிட்டு எழுந்து, துப்பாக்கியை என் பக்கம் நீட்டி, "நீயும் ஒருக்க பாரு" என்றார்.

படுத்தேன். ஜன்னலுக்குள் பார்த்தேன். புள்ளி உருண்டையாக, சின்னதாக, ஓரம் சுத்தமாக நின்றது. விசிலுக்குத் திரும்பிச் சுட வேண்டிய அவசரம் ஒன்றும் எனக்கு இல்லை. மூச்சைப் பைய விட்டு, ஒவ்வொன்றாகச் சுட்டேன். அவர்தான் போய்த் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தார். ஓட்டை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மூடிவிடலாம் போல இருந்தது. அவருடைய தாள் பக்கத்திலேயே கிடந்தது, அதற்கு இட்லித் தட்டு வேண்டும்.

"சார்ட்ட காட்டட்டா?" என்றார்.

"நானே காட்டுதேன்" என்று வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை அவர் விட்டுக்கொடுத்தது இல்லை, நான் சுட்டது. ஆர்டர் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். மாற்றவே முடியாத ஆர்டர் என்று உலகத்தில் எதுவும் இல்லை என்றும் தெரியும். வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரிடம் போய் நீட்டினேன். அவர் தாளை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் அவர் மூக்கில் விழுந்தது.

"யாரு சுட்டது இது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னாலிருந்து, "என் வீட்டுக்காரி சார்" என்றார் இவர். குரலில் அப்படி ஒரு பெருமை.

"ஆர்டருல்லா போயிட்டு" என்று இன்ஸ்பெக்டர் உச்சுக்கொட்டினார். தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "குடுத்து வச்சவம்வே நீரு!" என்று என்னைத் தாண்டிக் கையை நீட்டினார். இவரும் சிரித்துக்கொண்டே அந்தக் கையை வாங்கிக் குலுக்கினார்.